மறுபிறவிக்கும் அரசு முத்திரை: திபெத்துக்கான சட்டங்களை நாம் எப்படி வாசிப்பது?

2007 செப்டம்பர் 1 முதல், சீனாவில் ஒரு லாமா மறுபிறவி எடுக்க வேண்டுமென்றால் அரசிடம் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. சீன அரசின் மத விவகார நிர்வாகம் வெளியிட்ட ஆணை எண் 5 அதைத்தான் சொல்கிறது. இறந்துபோன லாமா மீண்டும் பிறந்திருக்கிறார் என்று ஒரு மடாலயம் கருதினால், அந்த மடாலயம் முதலில் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். பிறகு மனு போட வேண்டும். லாமாவின் செல்வாக்கு எவ்வளவு என்பதைப் பொறுத்து மாகாண அரசோ, மத விவகார நிர்வாகமோ, நாட்டின் அமைச்சரவையோ ஒப்புதல் தர வேண்டும். வெளிநாட்டு அமைப்போ தனிநபரோ இதில் தலையிடக் கூடாது. அந்த ‘வெளிநாட்டுத் தனிநபர்’ யார் என்று விளக்கத் தேவையில்லை. 1959 முதல் இந்தியாவில் வாழும் தலாய் லாமாதான்.

கடவுளே இல்லை என்று சொல்லும் ஒரு கட்சியின் அரசு மறுபிறவிக்கு விதி எழுதுகிறது. சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் திபெத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் இளம் தோழர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். மூன்றும் நியாயமானவை. முதலாவது, மறுபிறவியையே நம்பாத நாம் ஏன் இதில் தலையிட வேண்டும்? போன பிறவியில் செய்த பாவம் என்று சொல்லித்தானே நம்மை ஊருக்கு வெளியே வைத்தார்கள்? இரண்டாவது, பழைய திபெத்தில் பண்ணையடிமை முறை இருந்தது, அதைச் சீனா ஒழித்தது என்கிறார்களே, அது நல்லதுதானே? மூன்றாவது, திபெத்துக்காக அமெரிக்கா சட்டம் போடுகிறது என்றால் அதில் சூது இல்லாமல் இருக்குமா?

முதல் கேள்விக்குப் பதில் தேடினால் பாபாசாகேப்பிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

1950 அக்டோபரில் சீனப் படை கிழக்குத் திபெத்தின் சாம்தோவைப் பிடித்தது. அடுத்த மாதமே திபெத் ஐ.நா.வுக்கு முறையிட்டது. எல் சால்வடோர் என்ற சின்ன நாடு ஒன்றுதான் அதை எடுத்துப் பேசியது, விவாதம் தள்ளிவைக்கப்பட்டது. 1951 மே 23 அன்று பீகிங்கில் 17 அம்ச ஒப்பந்தம் கையெழுத்தானது. தலாய் லாமாவின் நிலையை மாற்ற மாட்டோம், மக்களின் மத நம்பிக்கையை மதிப்போம், மடாலயங்களைக் காப்போம் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. 1954 ஏப்ரல் 29 அன்று இந்தியா சீனாவுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. திபெத்தில் பிரிட்டிஷார் விட்டுப்போன படைக்காவலையும் தபால் தந்தி வசதிகளையும் இந்தியா ஒப்படைத்தது. ‘சீனாவின் திபெத் பகுதி’ என்ற சொல் முதன்முறையாக இந்தியக் கையெழுத்தோடு ஏடேறியது. பஞ்சசீலம் என்ற அழகான பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

நான்கு மாதம் கழித்து, 1954 ஆகஸ்ட் 26 அன்று மாநிலங்களவையில் அண்ணல் அம்பேத்கர் எழுந்தார். அப்போது அவர் அமைச்சரில்லை, எதிர்வரிசை உறுப்பினர். பஞ்சசீலத்தைப் பிரதமர் இவ்வளவு நம்புகிறாரே என்று ஆச்சரியப்பட்டார். பஞ்சசீலம் பௌத்தத்தின் அடிப்படை என்பதை நினைவூட்டி, மாவோவுக்கு அதில் துளியாவது நம்பிக்கை இருந்தால் தன் நாட்டுப் பௌத்தர்களை வேறுவிதமாக நடத்தியிருப்பாரே என்று கேட்டார். லாசாவைச் சீனா எடுத்துக்கொள்ள விட்டதன் மூலம் சீன எல்லையை இந்திய எல்லை வரை கொண்டுவர நாமே உதவிவிட்டோம் என்றும் எச்சரித்தார். எட்டு ஆண்டு கழித்து 1962 வந்தபோது இந்த எச்சரிக்கையைப் பலரும் எடுத்து எழுதினார்கள். நமக்கு முக்கியமாகப் படுவது அவர் முன்வைத்த அளவுகோல்தான். ஓர் அரசு வெளியே என்ன ஒப்பந்தம் போடுகிறது என்பதை அவர் பார்க்கவில்லை. தன் ஆளுகைக்குள் இருக்கும் பௌத்தர்களை எப்படி நடத்துகிறது என்று பார்த்தார்.

அவருடைய பௌத்தமும் லாமாக்களின் பௌத்தமும் ஒன்றல்ல. ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் ஆன்மா ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போகிறது என்பதை அவர் ஏற்கவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் தம்மம் ஏற்றார். நவம்பரில் காத்மண்டு உலகப் பௌத்தர் மாநாட்டில் புத்தரையும் மார்க்ஸையும் ஒப்பிட்டுப் பேசினார். அதே நவம்பரில்தான் புத்தரின் 2500ஆவது ஜெயந்திக்காக இளம் தலாய் லாமா இந்தியா வந்தார். டிசம்பர் 6 அன்று பாபாசாகேப் மறைந்தார். இருவரின் கொள்கையையும் ஒன்றாக்கிக் காட்ட வேண்டிய தேவை நமக்கில்லை. எதை நம்புவது என்று தானே முடிவு செய்யும் உரிமைக்காகத்தான் அவர் நாக்பூரில் நின்றார். அந்த உரிமை நம்மோடு ஒத்துப்போகிற நம்பிக்கைக்கு மட்டும் உண்டு என்று சொன்னால் அது உரிமையே இல்லை.

இரண்டாவது கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். பழைய திபெத் சமத்துவ பூமி கிடையாது. நிலம் பெரும்பாலும் அரசு, மடாலயம், பிரபுக் குடும்பங்கள் ஆகிய மூவரின் கையில் இருந்தது. ‘மிசேர்’ எனப்பட்ட குடிமக்களில் பெரும்பாலானோர் எஜமானரோடு பரம்பரையாகக் கட்டுண்டவர்கள். பிணத்தை அப்புறப்படுத்தும் ‘ரக்யப்பா’க்களும் கொல்லர்களும் கசாப்புக்காரர்களும் தீட்டுக்குரியவர்களாக ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தார்கள். பிணம் தொடுபவர், இரும்படிப்பவர், இறைச்சி வெட்டுபவர். இந்தப் பட்டியல் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதல்லவா? புத்தரின் பெயரைச் சொல்லிக்கொண்டே தீட்டு பார்த்த சமூகம் அது. திபெத் ஆதரவாளர்களில் சிலர் இதை மறைத்து, பனிமலைச் சொர்க்கம் ஒன்றை வரைந்து காட்டுகிறார்கள். அந்தப் படம் நமக்கு வேண்டாம்.

ஆனால் விடுதலை என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1959 மார்ச் 10 அன்று லாசாவில் மக்கள் எழுந்தார்கள், எழுச்சி நசுக்கப்பட்டது. தலாய் லாமா தப்பி, மாத முடிவில் தவாங் வழியாக இந்தியாவுக்குள் வந்தார். அடைக்கலம் தந்ததை ஏப்ரல் 3 அன்று நேரு மக்களவையில் அறிவித்தார். திபெத்திலேயே தங்கியவர் பத்தாவது பஞ்சன் லாமா. சீனாவோடு ஒத்துழைத்தவர், சீன நாடாளுமன்றத்தின் நிலைக்குழுத் துணைத்தலைவர்களில் ஒருவர். அவரே 1962ல் பிரதமர் சௌ என்லாயிடம் 70,000 எழுத்துகள் கொண்ட ஓர் அறிக்கை கொடுத்தார். மத்தியத் திபெத்தில் சீர்திருத்தத்துக்கு முன் 2,500க்கு மேல் இருந்த மடாலயங்களில் எழுபது சொச்சம்தான் மிஞ்சியிருக்கின்றன என்று அதில் எழுதினார். பட்டினிச் சாவுகளையும் எழுதினார். கலாச்சாரப் புரட்சி அப்போது தொடங்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவருடைய பதவி பறிக்கப்பட்டது. 1977 வரை சிறையில் இருந்தார். நாடாளுமன்றத்தின் துணைத்தலைவரே உண்மையைச் சொன்னதற்குச் சிறை போக வேண்டியிருந்தது என்றால், விடுவிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் குடியானவர் வாயைத் திறந்திருக்க முடியுமா? 2009 முதல் மார்ச் 28ஐப் ‘பண்ணையடிமைகள் விடுதலை நாள்’ என்று சீனா கொண்டாடுகிறது. அந்த நாளைத் தீர்மானிக்க முன்னாள் அடிமைகளிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. நமக்காக நாம் இல்லாமலே விடுதலை வாங்கித் தருகிறோம் என்று வந்தவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

நாடு கடந்து வந்த திபெத்தியர்கள் தங்களுக்குள் என்ன மாற்றினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1960 செப்டம்பர் 2 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பிரதிநிதிகள் பதவியேற்றார்கள். 1963ல் வந்த அரசமைப்பு வரைவில், தலாய் லாமாவின் அதிகாரத்தையே மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையால் விலக்கிவைக்கும் வழியைச் சேர்த்தார்கள். 2011ல் அவர் அரசியல் அதிகாரத்தைத் தேர்தலில் வென்றவரிடம் ஒப்படைத்தார். குறைகள் இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்கவும் வாக்களிக்கவும் ஓர் அவை இருக்கிறது.

இனி மூன்றாவது கேள்வி, சட்டங்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஐ.நா. பொதுச்சபை. 1959 அக்டோபர் 21 அன்று அயர்லாந்தும் மலாயாவும் கொண்டுவந்த தீர்மானம் 45 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. எதிர்ப்பு 9, நடுநிலை 26. தலாய் லாமாவுக்கு வீடு கொடுத்த இந்தியா அந்த 26ல் ஒன்று. 1961ல் 56க்கு 11 என்ற கணக்கில் நிறைவேறிய தீர்மானத்தில் சுயநிர்ணயம் என்ற சொல்லே இடம்பெற்றது. 1965ல் மூன்றாவது தீர்மானம், 43க்கு 26. இந்த முறை இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இடையில் 1962 போர் நடந்திருந்தது. திபெத்தியரின் துயரம் 1959லும் 1965லும் ஒன்றுதான். மாறியது நம் எல்லைக் கணக்கு. 1971ல் மக்கள் சீனம் ஐ.நா.வுக்குள் வந்த பிறகு பொதுச்சபையிலிருந்து திபெத் தீர்மானம் எதுவும் வரவில்லை.

அமெரிக்காவின் கதையும் இப்படித்தான். ஐம்பதுகளின் இறுதியிலிருந்து சி.ஐ.ஏ. திபெத்தியப் போராளிகளுக்குக் கொலராடோ மலையில் பயிற்சி கொடுத்தது, ஆயுதம் போட்டது. சீனாவோடு உறவு தேவைப்பட்டபோது கைவிட்டது. நிக்சன் 1972ல் பீகிங் போனார்; நேபாளத்தின் முஸ்தாங்கில் இருந்த கொரில்லாக்கள் 1974ல் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். ஆகவே சூது இருக்கிறதா என்று கேட்கும் தோழருக்கு நம் பதில், ஆமாம், இருந்தது. ஆனால் அங்கே நின்றுவிட்டால் அதற்குப் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. பிற்காலச் சட்டங்கள் உளவுத்துறைக் கோப்பிலிருந்து வந்தவை அல்ல. அகதிகளும் மாணவர்களும் ஆதரவுக் குழுக்களும் உறுப்பினர்களின் கதவைத் தட்டித்தட்டி வாங்கியவை.

1987 செப்டம்பர் 21 அன்று அமெரிக்க நாடாளுமன்ற மனித உரிமைக் குழுவின் முன் தலாய் லாமா ஐந்து அம்ச அமைதித் திட்டத்தை வைத்தார். ஒரு வாரத்துக்குள் லாசாவில் துறவிகள் ஊர்வலம் போனார்கள், கைதானார்கள். அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. டிசம்பரில் அமெரிக்கச் சட்டம் ஒன்றுக்குள் திபெத்தின் மனித உரிமை மீறல் பற்றிய பிரிவு நுழைந்தது. 1991ல் இன்னும் ஒரு படி மேலே போய், திபெத் ஆக்கிரமிக்கப்பட்ட நாடு என்றே எழுதினார்கள். படிக்கப் புல்லரிக்கும். ஆனால் அது அவையின் ‘கருத்து’ மட்டுமே. அவர்களின் வெளியுறவுத் துறை அன்றும் இன்றும் திபெத்தைச் சீனாவின் பகுதி என்றே சொல்கிறது.

இந்த வித்தியாசம் நமக்குப் புரியாமல் இருக்குமா? தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசமைப்பின் 17ஆவது பிரிவு 1950லேயே சொல்லிவிட்டது. 1955ல் ஒரு சட்டம் வந்தது. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அப்படியே இருந்தது. 1989ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தபோதுதான், கடமையைச் செய்யாத அரசு ஊழியருக்கே தண்டனை உண்டு என்று பிரிவு 4 சொன்னது. ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தால் நாம் முதலில் தேடுவது இதைத்தான்: யார் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும்?

அந்தக் கண்ணோடு பார்த்தால் திபெத்துக்கான சட்டங்கள் மெல்ல மெல்லப் பல் முளைத்த கதை தெரியும். 2002ன் திபெத் கொள்கைச் சட்டம், வெளியுறவுத் துறையில் திபெத்துக்கென ஒரு சிறப்பு ஒருங்கிணைப்பாளரைக் கட்டாயமாக்கியது. செய்ய வேண்டியவர் யார் என்று முதன்முறையாக எழுதப்பட்டது. ஆனாலும் 2017 தொடக்கம் முதல் 2020 அக்டோபர் வரை அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. ஆணையங்களின் நாற்காலிகள் காலியாகக் கிடப்பது நம் ஊருக்கு மட்டுமே உரிய வழக்கம் இல்லை போலும். 2018 டிசம்பரில் வந்த சட்டம், அமெரிக்கர்கள் திபெத்துக்குள் போவதைத் தடுக்கும் சீன அதிகாரிகளுக்கு விசா மறுக்கச் சொன்னது. 2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான சட்டம் நேராக மறுபிறவிக்கே வந்தது. அடுத்த தலாய் லாமாவைத் தேர்ந்தெடுப்பது திபெத்தியப் பௌத்தர்களின் வேலை, அதில் தலையிடும் சீன அதிகாரிகளின் சொத்தை முடக்கலாம், விசாவை மறுக்கலாம் என்றது. ஆணை எண் 5க்குப் பதில் வர 13 ஆண்டுகள் ஆயின. 2024 ஜூலை 12 அன்று கையெழுத்தான சட்டம், திபெத் என்றால் தன்னாட்சிப் பகுதி மட்டுமில்லை, சிங்காய், சிச்சுவான், கான்சு, யுன்னான் மாகாணங்களின் திபெத்தியப் பகுதிகளும்தான் என்றது. சீனாவின் பொய்ப் பிரச்சாரத்தை எதிர்கொள்ளச் சொன்னது. மறு ஆண்டே, 2025ல், அதே அமெரிக்க அரசு வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவையும் ரேடியோ ஃப்ரீ ஏசியாவையும் முடக்கியபோது அவற்றின் திபெத்திய மொழி ஒலிபரப்பும் சேர்ந்தே முடங்கியது. பல் முளைத்த சட்டமும் கடிப்பதா வேண்டாமா என்பதை அரசின் தேவைதான் முடிவு செய்கிறது.

அப்படியானால் இந்தச் சட்டங்களால் பயனே இல்லையா? சீனா இவற்றை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். 1996 ஜூனில் ஜெர்மன் நாடாளுமன்றம் திபெத் பற்றி வெறும் தீர்மானம்தான் போட்டது. உடனே ஜெர்மன் வெளியுறவு அமைச்சரின் வருகையைச் சீனா ரத்து செய்தது. 2021 டிசம்பரில் தில்லியில் நாடு கடந்த திபெத்திய நாடாளுமன்றம் கொடுத்த விருந்துக்குச் சில இந்திய எம்.பி.க்கள் போனார்கள். தன் கவலையைத் தெரிவித்துச் சீனத் தூதரகம் அவர்களுக்குக் கடிதமே எழுதியது. ஒன்றுமில்லாத காகிதத்துக்கு யாரும் இவ்வளவு பதறுவதில்லை.

காகிதத்தின் மறுபக்கத்தில் ஒரு குழந்தை இருக்கிறது. பத்தாவது பஞ்சன் லாமா 1989ல் இறந்தார். 1995 மே 14 அன்று கெதுன் சோக்கி நியிமா என்ற ஆறு வயதுச் சிறுவனை அவரது மறுபிறவி என்று தலாய் லாமா அறிவித்தார். மூன்று நாளில் சிறுவனும் பெற்றோரும் சீன அரசின் பிடிக்குள் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தங்கக் கலசத்தில் சீட்டு எடுத்து வேறொரு சிறுவனைப் பஞ்சன் லாமா ஆக்கினார்கள். 2020ல் கேட்டபோது, அவர் படித்து வேலையில் இருக்கிறார், தொந்தரவை விரும்பவில்லை என்று சீனா சொன்னது. அவரைச் சுதந்திரமாகச் சந்தித்தவர் இன்றுவரை ஒருவருமில்லை. இதில் மறுபிறவியை நம்ப வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது? ஆறு வயதுப் பிள்ளையைக் காணவில்லை என்பதை நம்பினால் போதும்.

2009 முதல் 150க்கு மேற்பட்ட திபெத்தியர்கள் தீக்குளித்திருக்கிறார்கள். தாய்மொழிக் கல்வி வேண்டும் என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் காணொளியில் பேசிய தாஷி வாங்சுக் என்ற கடைக்காரர் ஐந்து ஆண்டு சிறையில் இருந்தார். திபெத்தியக் குழந்தைகள் சுமார் 10 லட்சம் பேர் குடும்பத்தைவிட்டுப் பிரிக்கப்பட்டு, சீன மொழியில் நடக்கும் உறைவிடப் பள்ளிகளில் படிக்க வைக்கப்படுவதாக 2023ல் ஐ.நா. வல்லுநர்கள் கவலை தெரிவித்தார்கள். இத்தனைக்கும் சீன அரசமைப்பின் 36ஆவது பிரிவு மத சுதந்திரம் உண்டு என்றே சொல்கிறது. ‘இயல்பான’ மதச் செயல்பாட்டுக்குப் பாதுகாப்பாம். எது இயல்பு என்று அரசு சொல்லும்.

இதைப் படித்து நாம் ரொம்பப் பெருமைப்பட முடியாது. 1950ன் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தைவிட்டுப் போனவர் பட்டியல் சாதியினர் இல்லை என்றது. 1956ல் சீக்கியரையும், பாபாசாகேப் மறைந்து 34 ஆண்டு கழித்து 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டிலேயே 2002ல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டது.

உலகிலேயே திபெத்திய அகதிகள் அதிகம் வாழ்வது இந்தியாவில். பைலகுப்பே, முண்டுகோடு என்று பக்கத்துக் கர்நாடகத்திலேயே பெரிய குடியிருப்புகள் இருக்கின்றன. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஸ்வெட்டர் விற்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1951ன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த திபெத்தியரும் வெளிநாட்டவருக்கான பதிவுச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையே இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. அது தங்களுக்கும் பொருந்தும் என்று நிலைநாட்ட நம்க்யால் தோல்கர் என்ற பெண் தில்லி உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2010 டிசம்பரில் வென்றார். மண்டபம் முகாமில் பிறந்த ஈழத்துப் பிள்ளைகளின் வழக்கும் இதே சட்டமின்மையிலிருந்து வருவதுதான். திபெத்தியருக்கு 2014ல் ஒரு மறுவாழ்வுக் கொள்கையாவது வந்தது. அதுவும் கொள்கைதான், சட்டமில்லை. அரசு நினைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோது சென்னையில் திபெத்திய மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள். சென்னை லயோலா கல்லூரியில் படித்த கவிஞரும் செயல்பாட்டாளருமான தென்சின் சுண்டு, உச்சிமாநாட்டுக்குச் சில நாட்கள் முன்பே விழுப்புரம் மாவட்டத்தில் பிடிபட்டார். முழக்கம் எழுப்புவதற்கு முன்பே கைது.

2025 ஜூலை 2 அன்று, 90ஆவது பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்பு, தலாய் லாமா மரபு தொடரும் என்றும், அடுத்தவரை அடையாளம் காணும் அதிகாரம் தன் அறக்கட்டளைக்கு மட்டுமே உண்டு என்றும் தலாய் லாமா அறிவித்தார். பெய்ஜிங் தங்கக் கலசத்தையும் அரசின் ஒப்புதலையும் உடனே நினைவூட்டியது. இந்திய அமைச்சர் ஒருவர் தலாய் லாமாவுக்கு ஆதரவாகப் பேசினார். ஜூலை 4 அன்று வெளியுறவு அமைச்சகம் விளக்கம் கொடுத்தது: மத நம்பிக்கை, மத வழக்கம் சார்ந்த விஷயங்களில் இந்திய அரசு எந்த நிலைப்பாடும் எடுப்பதில்லை. இதைச் சொன்ன நாட்டில், ஒருவர் தன் மதத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் முன்கூட்டியே மாவட்ட ஆட்சியரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் உத்தரப் பிரதேசத்தில் நடைமுறையில் இருக்கிறது.